யானைக்கு ஒரு மர ஆஸ்பத்திரி

கண்டமங்கலத்துக்காரர்களுக்குப் பாண்டி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியைத் தெரியாமல் இருக்காது. நம்மில் எத்தனை பேர் அதன் தும்பிக்கையால் ஆசி வாங்கியிருக்கிறோம்! 2022 நவம்பர் 30 காலை, நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் தெருவிலேயே சாய்ந்து உயிரை விட்டது. கோயில் யானையாவது பாகன் சொல்லுக்கு நிற்கும். காட்டில் அடிபட்ட யானைக்கு எங்கே வைத்து வைத்தியம் பார்ப்பது?

அதற்கென்று முதுமலை தெப்பக்காட்டிலும், டாப்சிலிப் பக்கம் வரகளியாறிலும் ஒரு கட்டடம் உண்டு. செங்கல், சிமெண்ட் எதுவும் கிடையாது. பருத்த மரங்களை ஆழமாக நட்டு, குறுக்கே உருட்டுக்கட்டைகளை அடுக்கிய கூண்டு. 'கரால்' என்பார்கள். மாட்டுப்பட்டியைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல், டச்சுக்காரர் வாயில் புகுந்து இப்படி ஆனது. இலங்கையில் காட்டு யானைக் கூட்டத்தை விரட்டி வந்து அடைத்த பட்டிக்கும் இதே பெயர்தான். நம் பக்கம் குழி வெட்டி யானை பிடித்த காலத்தில், அதன் முரட்டுத்தனம் அடங்கும்வரை கராலில்தான் போட்டு வைப்பார்கள். ஆக, முதலில் அது ஜெயில்.

ஜெயில் ஆஸ்பத்திரியானதற்குக் காரணம் அதன் அமைப்பு. யானைக்கு நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கும். நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. மயக்கத்தில் நெஞ்சு தரையில் அழுந்தப் படுத்துவிட்டால், சொந்த எடையே அதைக் கொன்றுவிடும். அதனால் நின்றபடியே வைத்தியம் பார்க்க வேண்டும். கட்டைகளின் இடைவெளியில் கை போகும், யானை வராது. கரும்பும், மருந்து வைத்த களி உருண்டையும் அந்த வழியாகத்தான். புண்ணைக் கழுவுவதும் வெளியில் நின்றுதான். வேண்டும்போது குறுக்குக் கட்டையை உருவிக்கொள்ளலாம். கான்கிரீட் சுவரில் முட்டினால் யானைக்குத்தான் காயம். மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எந்த இன்ஜினியர் வரைந்த படமோ இது? அனுபவப்பட்ட பாகன்களின் கைவேலை என்றே நான் நினைக்கிறேன்.

1998-ல் கூடலூர்ப் பகுதியில் ஒரு மக்னாவைப் பிடித்தார்கள். மக்னா என்றால் தந்தமில்லாத ஆண் யானை. பலரைக் கொன்றதாகப் பேர் வாங்கியது. உடம்பெல்லாம் துப்பாக்கிக் குண்டுக் காயம். யானை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி தெப்பக்காட்டுக் கராலில் வைத்துக் காப்பாற்றினார். அவர் பெயரையே சுருக்கி 'மூர்த்தி' என்று வைத்தார்கள். அத்தனை பேரை நடுங்க வைத்த அந்த யானை, பிறகு சாதுவாக முகாமிலேயே இருந்து 2024 அக்டோபரில் முதுமையில் இறந்தது.