கடைசி வரிசையும் இரண்டு பயங்களும்

காந்தல் முக்கோணத்தில் பஸ் ஏறும்போதே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. மடியில் மஞ்சள் பை. பைக்குள் பதினான்கு பக்கக் கட்டுரை, மூன்று தடவை திருத்தி எழுதியது. சில வருஷங்களுக்கு முன் ஊட்டியில் இரண்டு நாள் நடந்த எழுத்தாளர் கூட்டம் அது. மத்தியானம் பதினைந்து நிமிஷம் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். சேரிங் கிராஸில் இறங்கி நடந்து, அரங்குக்குள் நுழைந்து, நேராகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று.

டீ குடிக்கும்போது சமவெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அன்பாகத்தான் கேட்டார்: ‘நீலகிரியா? குறிஞ்சித்தேன் படிச்சிருப்பீங்களே?’ படித்திருக்கிறேன். ராஜம் கிருஷ்ணன் மேல் எனக்குக் குறையில்லை. வேறு ஊர்க்காரர் இங்கே வந்து இருந்து, படகர் வாழ்க்கையைக் கவனமாகப் பார்த்து எழுதிய நாவல் அது. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த விதம் வேறு. மலையை எழுதியாகிவிட்டது, கணக்கு முடிந்தது, நீ எதற்கப்பா வந்தாய் என்று கேட்டதாகப் பட்டது. பதினான்கு பக்கத்தில் ஆறு பக்கத்தை மேடையிலேயே தாண்டிப் படித்துவிட்டு இறங்கினேன். கைதட்டல் மரியாதையாக இருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் தூக்கம் வரவில்லை. இந்தப் பயம் யாருடையது? எனக்குள் பிறந்ததா, எனக்கு முன்னாலேயே அந்த அரங்கில் உட்கார்ந்திருந்ததா? தனிமனித உளவியல் என்று ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நீலகிரிக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

நீலகிரியிலிருந்து சென்னைக் கூட்டத்துக்குப் பிரதிநிதியாகப் போனவர்களில் நாம் மறக்கக்கூடாத ஆள் அயோத்திதாசப் பண்டிதர். 1845-இல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன்; தன் ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டவர். குடும்பம் நீலகிரிக்கு வந்து குடியேறியது. சித்த வைத்தியம், பழைய இலக்கணம், ஏட்டுச்சுவடி என்று படித்த இந்த மனிதர் 1876-இல் இங்கே அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். டிசம்பர் மாத ஊட்டி எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் கூடியவர்கள் 10 தீர்மானங்கள் போட்டார்கள். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கச் சட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பொதுக் கிணற்றில் தண்ணீர், சிறையில் சாதி பார்த்து இழிவேலை கொடுக்கும் விதியை நீக்குவது, உள்ளாட்சி மன்றங்களில் இடம். 1891-இல்! நம்முடைய அரசியல் வரலாறுகள் இந்தத் தேதியைத் தாண்டித்தான் தொடங்குகின்றன என்பது தற்செயல் அல்ல.

அடுத்த வருஷம், 1892-இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் போகிறார். படித்த வர்க்கத்தின் கூட்டம். பத்திரிகை நடத்துகிறவர்கள், வக்கீல்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சிவன் கோயிலுக்குள்ளும் விஷ்ணு கோயிலுக்குள்ளும் எங்களை ஏன் விடுவதில்லை என்று எழுந்து கேட்கிறார். தஞ்சாவூர்ப் பிரதிநிதி ஒருவர் பதில் சொல்கிறார்: உங்களுக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பன் எல்லாம் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் இல்லை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பையும் தரிசு நிலத்தையும் கேட்கிறார் பண்டிதர். கோயிலில் ஆரம்பித்த பேச்சைப் பள்ளிக்கூடத்துக்கும் மண்ணுக்கும் இழுத்து வந்துவிட்டார்.

இந்தச் சம்பவத்தை அவர் தம் பத்திரிகையில் எழுதியபோது பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுத்தில் நடுக்கம் இல்லை. ஆனால் பதினைந்து வருஷம் கழித்தும் யார் எந்த ஊர்ப் பிரதிநிதி, யார் என்ன சொன்னார் என்று ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்றால், அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய குடும்பச் செய்தி ஒன்று உண்டு. பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக இருந்தவர். அவர் கொடுத்த திருக்குறள் ஏடுகள்தான் எல்லிஸ் கைக்குப் போய் அச்சுக்கு வந்தன என்று பண்டிதர் எழுதுகிறார். அப்படிப்பட்ட வீட்டுப் பேரனைப் பார்த்துத்தான் சபை ‘உனக்கு வேறு சாமி’ என்றது. ஏட்டைக் காப்பாற்றிய கை சமையல்கட்டில் இருந்தது. ஏட்டைப் பற்றிப் பேசுகிற வாய் மேடையில் இருந்தது. இலக்கியம் என்ற சொல்லாடலுக்குள் யார் நுழையலாம் என்பதை முடிவு செய்தது புலமை இல்லை, உட்காரும் வரிசை.

அவர் அந்தச் சபையின் அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1907 ஜூன் 19-ஆம் தேதி ராயப்பேட்டையிலிருந்து நாலு பக்க வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். விலையே பெயராயிற்று: ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒரு வருஷம் கழித்து வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயலில் படித்தார்கள், ரங்கூனில் படித்தார்கள். தன் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆட்களையே மாற்றிக்கொண்டார் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். மேடையில் நிற்கிறவனின் பயத்துக்கு மேடைப்பேச்சுப் பயிற்சி எல்லாம் மருந்தில்லை. கேட்கிறவன் யார் என்பதுதான் விஷயம்.

1914-இல் அவர் இறந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து 1999-இல் வந்தது. நடுவே எண்பத்தைந்து வருஷம். ஃபூக்கோவையும் தெரிதாவையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்த என் தலைமுறைக்கு, நான் தினமும் நடக்கிற ஊரில் நடந்த ஒரு மாநாட்டின் தேதி தெரிந்திருக்கவில்லை. வெட்கக்கேடுதான்.

இதோடு நிறுத்தினால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். என் பயத்துக்குக் காரணம் அவர்கள்; நான் சுத்தம். ஆனால் அது முழு உண்மை இல்லை. இன்னொரு பயமும் அந்த மஞ்சள் பைக்குள் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு கூட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1962 ஜூன் மாதம் உகாண்டாவின் கம்பாலாவில், மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில், ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் மாநாடு. அச்செபெ வந்திருந்தார், சோயின்கா வந்திருந்தார், அமெரிக்காவிலிருந்து லாங்ஸ்டன் ஹியூஸ் வந்திருந்தார். அதே கல்லூரி மாணவன் ஒருவனுக்கும் அழைப்பு. வயது 24, ஜேம்ஸ் இங்கூகி என்று பெயர். கையில் இரண்டு சிறுகதைகள், அச்சேறாத ஒரு நாவல். அந்தக் கையெழுத்துப் பிரதியை அச்செபெயிடம் கொடுக்கிறான். அவர் படித்து, யோசனை சொல்லி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்கிறார். 1964-இல் ஹைனமன் வெளியிட்ட ‘வீப் நாட், சைல்ட்’ அப்படி வந்ததுதான்.

பின்னால் இதே மனிதர், கூகி வா தியாங்கோவாகப் பெயர் மாற்றிக்கொண்டு, அந்த மாநாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஆங்கிலத்தில் இரண்டே கதை எழுதிய மாணவனுக்கு அழைப்பு; சுவாஹிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும் யொரூபாவில் எழுதிய ஃபாகுன்வாவுக்கும் இடமில்லை, ஏன் என்று கேட்டார். செலவு செய்த அமைப்புக்குப் பின்னால் சி.ஐ.ஏ. பணம் இருந்தது அறுபதுகளின் பிற்பகுதியில் அம்பலமாயிற்று. சிறையில் கழிவறைக் காகிதத்தில் கிக்குயு மொழியில் அவர் எழுதிய நாவல் தமிழிலும் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று வந்து நம்மில் பலரும் படித்ததுதான். 2025 மே மாதம் இறக்கும்வரை அவர் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை.

மாநாட்டின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் அவர்தான். கையெழுத்துப் பிரதியை நீட்டி ‘படிச்சுச் சொல்லுங்க’ என்று நின்றதும் அவர்தான். இரண்டும் வேறு வேறு பயங்கள். ‘இவன் யார் பேச?’ என்று அரங்கு கேட்பதால் வருகிற பயம் ஒன்று. அதைச் சாதியும் வர்க்கமும் காலனியமும் செய்து கொடுக்கின்றன. அதற்கு எதிர்வினை அரசியல்தான். ‘இந்த வாக்கியம் சரியா?’ என்கிற சந்தேகம் மற்றது. அது தச்சனுக்கும் உண்டு, கேரட் கழுவி மூட்டை கட்டுகிறவருக்கும் உண்டு. வேலை தெரிந்தவனின் சந்தேகம். அதற்கு மருந்து இன்னொரு வேலைக்காரன் பார்த்துச் சொல்வது.

கூட்டங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. நம்முடைய இயக்கத் தோழர்களும் குழப்புகிறோம். தொண்ணூறுகளில் தலித் எழுத்து வந்தபோது ‘அழகியல் இல்லை’ என்று சொன்னவர்கள் முதல் பயத்தை உண்டாக்கினார்கள், அதில் சந்தேகமில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது அந்தப் பேச்சுமொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. புத்தகம் முழுக்க நின்று தாங்குகிற மொழி அது, தெரியாமல் வாயில் வந்து விழுந்ததல்ல. ஆனால் ‘எங்கள் எழுத்தை எடைபோட உனக்கு என்ன அருகதை?’ என்ற அந்த நியாயமான கேள்வியை, நான் உட்படப் பலர், அரைகுறையாக எழுதியதை மறைக்கவும் பிடித்துக்கொண்டோம். மேடையில் தாண்டிய ஆறு பக்கங்களில் இரண்டு பக்கம் உண்மையிலேயே மோசமாக இருந்தது. குறிஞ்சித்தேன் கேட்ட பெரியவர் அதற்குப் பொறுப்பாக மாட்டார்.

மறுநாளும் போனேன், அதே கடைசி வரிசை. பக்கத்து நாற்காலியில் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவர். நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சட்டைக்குள் சொருகி வைத்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. உள்ளே யாரோ பின்காலனியம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, வெளியே திண்ணையில் வெயில் பட்ட இடமாகப் பார்த்து உட்கார்ந்து நோட்டை மாற்றிக்கொண்டோம். என் கட்டுரையைப் படிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. சில இடங்களில் விரலை வைத்துத் திரும்பப் படித்தார்.

‘அண்ணே, கோவிச்சுக்காதீங்க’ என்றார். ‘மூணாம் பக்கத்துல கொழுந்து எடுக்கிற பொம்பளைங்கள விளிம்புநிலைத் தன்னிலைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் கடைசி வரைக்கும் அவங்க ஒரு வார்த்தை பேசவே இல்லையே?’

நான் அவர் நோட்டைத் திறந்து, கப்பல் வருகிற பக்கத்தில் எனக்குப் பிடிபடாத இரண்டு இடங்களைக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.