யிமன், ஜம், ஜம்ஷீத்

ஈரானியர் தம் ஆண்மக்களுக்கு இன்றும் இட்டு வழங்கும் ஜம்ஷீத் என்னும் பெயர், ஜொராஸ்டிரிய சமயத்தின் மறைநூலாகிய அவெஸ்தாவில் 'யிம க்ஷயேத' என இரு சொற்களாகக் காணப்படுகிறது. இவற்றுள் முன்னது வேதத்தில் வரும் யமனின் பெயரே என்பதற்கு ஒலியொப்புமை மட்டும் சான்றன்று. யமனின் தந்தையை ரிக்வேதம் விவஸ்வான் என்றும், யிமனின் தந்தையை அவெஸ்தா விவங்ஹந்த் என்றும் கூறுவதால், பெயரோடு குடிவழியும் பொருந்துகிறது. இச்சொல்லின் மூலப்பொருள் 'இரட்டையருள் ஒருவர்' என்பதாகும். வேத யமனுக்கு யமி என்றும், இடைக்காலப் பாரசீக நூல்கள் ஜம் என்று கூறும் யிமனுக்கு ஜமக் என்றும் உடன்பிறந்தாள் ஒருத்தி இருப்பது அப்பொருளின் எச்சமே. க்ஷயேத என்பதற்கு 'ஒளிமிக்க' என்று பொருள் கொள்வதே பெருவழக்கு. கதிரவனைக் குறிக்கும் குர்ஷீத் என்னும் பாரசீகச் சொல்லின் ஈற்றில் நிற்பதும் இதுவே.

சொல்லின் முதலில் வரும் யகரம் பாரசீகத்தில் ஜகரமாகத் திரியும். வடமொழி யுவன் என்பதற்கு உறவான ஈரானியச் சொல் இவ்வாறே ஜவான் ஆகி, இந்தி வழியாகப் படைவீரனைக் குறித்துத் தமிழ்ச் செய்தித்தாள்கள் வரை வந்துவிட்டது. ஆதலால் யிமன் ஜம் ஆனதில் வியப்பில்லை. தமிழும் இந்த யகரத்தை எளிதில் ஏற்றதில்லை. ஆகாரத்தோடு சேர்ந்தன்றி அது மொழிமுதலில் வாராது என்பது தொல்காப்பிய விதியாதலின், யமன் இங்கே இயமனும் எமனும் ஆனான்.

பெர்செபோலிசில் கிடைத்த, அக்கிமெனிய அரசர் காலத்து ஈலம் மொழிக் களிமண் பலகைகளில் இப்பெயர் 'யமக்ஷெத்த' என்பதை ஒத்த வடிவில் சாதாரண மனிதர் பெயராக வருவது, இவ்வாராய்ச்சியில் தனி மதிப்புடையது. பழைய பாரசீகத்தில் முதலெழுத்தின் உயிர் அகரமாகவே இருந்தது என்பதும், யிம என்பதன் இகரம் அவெஸ்தா மொழிக்குரிய திரிபு என்பதும் இதனால் விளங்குகின்றன. யமன் பெயரைப் பிள்ளைக்கு இட எவ்வாறு துணிந்தனர் எனத் தமிழர் ஐயுறலாம். வேத யமனோ மாந்தருள் முதலில் இறந்து, இறந்தோர்க்கு வழிகாட்டியவன். யிமனோ மூப்பும் சாவும் இல்லாத பொற்கால அரசனாகப் போற்றப்பட்டவன்.

அவ்வரசனின் புகழ் பெருகவே, தாரியசும் செர்க்சீசும் எழுப்பிய பெர்செபோலிஸ் மாளிகைகளைப் பிற்காலத்தார் 'தக்தே ஜம்ஷீத்', அதாவது ஜம்ஷீதின் அரியணை, என்றனர். அவனுடைய மாயக்கிண்ணமாகிய 'ஜாமே ஜம்' என்பதில் வரும் ஜாம் ஒலியால் நெருங்கினும், கிண்ணத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லே. துருக்கியர் நாவில் பெயர் ஜெம் எனக் குறுகியது. இந்தியப் பார்சிகள் மதிப்பு விகுதி சேர்த்து ஜம்ஷேத்ஜி என்றனர். 1919-இல் சாக்சி என்னும் ஊர் தொழிலதிபர் டாட்டாவின் நினைவாக ஜம்ஷெட்பூர் ஆனபோது ஊர்ப்பெயரில் ஷகரம் நிலைபெற, அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் ஜம்செட்ஜி என்று சகரமே தங்கிவிட்டது.