சுற்றுவதா, மறைப்பதா?

மேட்டில் இழுத்து ஏறும்போது பெட்ரோல் காரின் புகைவாயு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டை முதலில் வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தள்ளியே ரப்பர் ஹோஸ்களும் ஒயர்களும் ஓடுகின்றன. அவற்றைக் காக்கச் சிலர் குழாயின் மேல் கண்ணாடியிழை நாடா சுற்றுகிறார்கள். கார் நிறுவனங்களோ பெரும்பாலும் இடையில் ஹீட் ஷீல்டு எனும் தகட்டை வைத்து மறைக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று பலரும் நினைக்கிறார்கள். சூடு எங்கே போகிறது என்று பார்த்தால் இரண்டும் எதிரெதிர் வேலைகள்.

நாடா சூட்டைக் குழாய்க்குள்ளேயே அடைக்கிறது. வாயு ஆறாமல் வேகமாக வெளியேறும். டர்போ இருந்தால் அதற்கும் லாபம். பந்தயக் கார்களுக்கு இது பொருந்தும். ஆனால் காற்றில் சூட்டை விட்டு ஆறிக்கொண்டிருந்த உலோகம், இப்போது வாயுவின் வெப்பத்தை ஒட்டியே கிடந்து வேக வேண்டும். சாதா இரும்புக் குழாய் செதில் செதிலாக உதிரும், வெல்டிங்கில் விரிசல் விடும். மழைநீரை உறிஞ்சிய நாடா துருவை வளர்க்கும். எண்ணெய் ஊறினால் தீயே பிடிக்கலாம். பந்தயக் குழுவினர் குழாயை அடிக்கடி கழற்றிப் பார்ப்பார்கள். வீட்டுக் காரில் நாடாவைப் பிரித்துப் பார்ப்பவர் யார்?

தகடு வெப்பக் கதிரோடு மோதுகிறது. கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், பழுக்கக் காய்ந்த குழாய் அக்கம்பக்கத்தைத் தாக்குவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். பளபளப்பான அலுமினியம் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதால் தகடு குழாயைத் தொடக்கூடாது. நடுவில் காற்று ஓடும் இடைவெளி வேண்டும். என் கணிப்பில் பாதி வேலையைச் செய்வது அந்த இடைவெளிதான். 1992-இல் வெளிவந்த மெக்லாரன் எஃப்1 காரில், பிஎம்டபிள்யூ வி12 எஞ்சினைச் சுற்றியிருந்த கார்பன் இழைக் கூட்டைக் காக்கக் அதன் வடிவமைப்பாளர் கோர்டன் மரேயின் குழுவினர் தங்கத் தாளே ஒட்டினார்கள். தங்கம் அகச்சிவப்புக் கதிரை மிக நன்றாகத் திருப்பும், மங்கவும் மங்காது. அலுமினியத்தில் எண்ணெயும் தூசியும் படிந்தால் அந்தத் திறன் குறையும். துடைத்து வைக்க வேண்டும்.

பானெட்டுக்குள் சேரும் மொத்தச் சூட்டைத் தகடு குறைப்பதில்லை. அந்த இடத்தில் நாடா முந்துகிறது. உள்ளே இழுக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும் என்பதால் பந்தயத்தில் அது பெரிய விஷயம். அன்றாட ஓட்டத்துக்கு நான் தகட்டின் பக்கம்தான்.

போல்ட் ஓட்டை துருப்பிடித்துத் தகடு கடகடவென்று சத்தம் போட்டதும் அதைப் பிடுங்கி எறிந்துவிடும் வழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. இது பெரிய தவறு. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அடியிலுள்ள தகடு போனால், காய்ந்த புல்மேல் நிறுத்திய கார் தீப்பிடிக்கக்கூடும். ஓட்டையை மூடுகிற அளவு அகலமான வாஷர் போட்டு இறுக்கினால் அதே தகடு இன்னும் பல காலம் உழைக்கும்.