சுத்தியலைத் தேடிய இடத்தில்

நிலத்தில் மறைந்திருந்த புதையலைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமை மத்தேயு நற்செய்தியில் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது (13:44). ஒருவர் புதையலைக் கண்டு, அதை மூடி மறைத்துவிட்டு, உடைமை அனைத்தையும் கொடுத்து அந்நிலத்தையே தமதாக்கிக்கொள்கிறார். மறையுரைகளில் நாம் அவருடைய மகிழ்ச்சியைப் பற்றியே கேட்டுப் பழகியிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் கேட்பதோ வேறு: நிலத்தை விற்றவருக்கு அதில் புதையல் இருந்தது தெரியுமா? அவரிடம் சொல்லாமல் வாங்கியது முறைதானா? உவமையின் நோக்கம் அதுவன்று என்று விடைகூறி நாம் கடந்துவிடுகிறோம். விடை சரியானதே, ஆயினும் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

உரோமையர் இக்கேள்விக்குச் சட்டமாகவே விடையளித்தனர். பிறர் நிலத்தில் தற்செயலாகப் புதையலைக் கண்டவருக்குப் பாதி, நிலத்துக்குரியவருக்குப் பாதி என்பது பேரரசர் அட்ரியானின் (117–138) தீர்ப்பு. பின்னாளில் யுஸ்தினியான் தொகுத்த சட்ட நூலிலும் அது இடம்பெற்றது. அந்த உரோமைப் பேரரசின் வடமேற்கு எல்லையில், அதன் ஆட்சி முடியும் தறுவாயில் புதைக்கப்பட்டு, நம் காலத்தில் இரண்டு நண்பர்களின் கையில் சிக்கிய ஒரு புதையலின் கதையை இங்கே சற்று விரிவாகவே காண விரும்புகிறோம். அச்சிறுவர்களின் கேள்விக்கு அதில் ஏதோ விடை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்றொரு சிற்றூர் உண்டு. சிற்றூராயினும் வரலாறு அதை விட்டுவைக்கவில்லை. 1797-ஆம் ஆண்டில் ஜான் ஃபிரியர் என்பவர் அங்கே செங்கல்லுக்கு மண் வெட்டிய குழியின் ஆழத்திலிருந்து கற்கோடரிகள் கிடைத்ததைக் கண்டு, அவை உலோகம் அறியாத மிகத் தொன்மையான மக்களுடையவை என்று எழுதினார். அவர் எழுதியதை உலகம் ஏற்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 869-இல் டேனியர் கையில் மறைசாட்சியாக உயிர்நீத்த அரசர் புனித எட்மண்ட் வீழ்ந்த இடமும் இவ்வூரே என்பது நெடுங்கால மரபு. வேறு ஊர்களும் அப்பெருமைக்கு உரிமை கொண்டாடுவதுண்டு.

1992-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், அதாவது புனித எட்மண்டின் திருநாளுக்கு நான்கு நாள் முன்னர், ஹாக்ஸனுக்கு அருகே குத்தகைக்குப் பயிர் செய்துவந்த பீட்டர் வாட்லிங் என்னும் உழவர், வயலில் தொலைந்துபோன தம் சுத்தியலைத் தேடித் தருமாறு தம் நண்பர் எரிக் லாஸை அழைத்தார். லாஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். உலோகங்களைக் கண்டறியும் கருவியொன்றை வைத்துக்கொண்டு வயல்வெளிகளில் பழம்பொருள் தேடுவது அவருடைய பொழுதுபோக்கு.

நம் நாட்டில் விமான நிலைய வாயிலிலும் திருவிழாக் கூட்டங்களிலும் காவலர் கையில் காணும் கருவியின் உடன்பிறப்புத்தான் இது. கம்பிச் சுருளில் பாயும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் எழுந்து, அதன் எதிர்வினை கருவியின் ஒலியாகக் காதில் விழுகிறது. 1941-இல் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்து நாட்டுப் படை அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி கையில் ஏந்திச் செல்லத்தக்க கண்ணிவெடி காணும் கருவியை உருவாக்கினார். போர் முடிந்த பின் அவ்வகைக் கருவிகள் உழவு நிலங்களுக்கு வந்தன. சாவைத் தேடப் பிறந்த கருவி பழங்காசு தேடப் பயன்பட்டது நல்ல மாற்றமே.

லாஸின் கருவி ஒலித்தது. தோண்டியபோது வந்தவை வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் காசுகளும். சிலவற்றை எடுத்ததும் நண்பர்கள் இருவரும் நிறுத்திக்கொண்டனர். நிலத்துக்கு உரிமையுடைய மாவட்ட ஆட்சி மன்றத்துக்கும் காவல்துறைக்கும் செய்தி அனுப்பினர். மறுநாளே அகழாய்வாளர்கள் வந்து, வெளியார் அறியாதபடி ஒரே பகலில் அகழ்ந்தெடுத்தனர். சில பகுதிகளை மண்கட்டியோடு அப்படியே பெயர்த்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசென்று பிரித்தனர். சுத்தியலும் கிடைத்தது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை.

இந்நிகழ்ச்சியில் நமக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது அவர்கள் கண்டெடுத்ததன்று, மண்வெட்டியைக் கீழே வைத்ததே. மண்ணுக்குள் பொருள்கள் கிடந்த முறையும் ஒரு புதையல்தான். அதை எடுத்துவிட்டால் மீண்டும் வைக்க இயலாது. ஹாக்ஸனில் அம்முறை கலையாதிருந்ததால், மரம் மக்கி மறைந்துவிட்ட நிலையிலும், ஏறக்குறைய 60 செ.மீ. நீளமுள்ள ஓர் ஓக் மரப்பெட்டி அங்கே இருந்ததை அறிய முடிந்தது. அதற்குள் சிறு பேழைகள். அவற்றுக்கு விரற்கடை அளவிலான வெள்ளிப் பூட்டுகள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று உராயாதிருக்க இடையிடையே துணியும் வைக்கோலும். அவசரத்தில் அள்ளிப் போட்டவர்களின் வேலையன்று அது. வீட்டைக் காலி செய்வதற்கு முன் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கிய கைகளின் வேலை.

அதே சஃபோக்கில் மில்டன்ஹால் என்னுமிடத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிடைத்த உரோமை வெள்ளிப் பாத்திரங்களுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். உழுதவரும் அவரை வேலைக்கு அமர்த்தியவரும் அவற்றை எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். 1946 வரை அதிகாரிகளுக்குத் தெரியாது. எட்டுக் கிலோ எடையுள்ள அந்தப் பெருந்தட்டு அழகில் ஈடற்றது. ஆனால் அது எப்படிக் கிடந்தது, சரியாக எங்கே கிடந்தது என்ற கேள்விகளுக்கு ஐயமற்ற விடை இல்லை. அது இங்கிலாந்து மண்ணில் கிடைத்ததுதானா என்று ஐயுற்றவர்களும் உண்டு. பொருள் தப்பியது, அதன் வரலாறு தப்பவில்லை.

ஹாக்ஸன் பெட்டியில் இருந்தவை ஏறத்தாழ 15,000 காசுகளும், 200 அளவிலான வெள்ளிப் பொருள்களும் பொன் நகைகளும். 500-க்கு மேற்பட்டவை பொற்காசுகள். காசுகளுள் கடைசியானவை 407–408 ஆண்டுகளில் அச்சிடப்பட்டவை. ஆகவே பெட்டி அதற்குப் பின்னரே மண்ணுக்குள் சென்றது. 407-இல்தான் மூன்றாம் கான்ஸ்டன்டைன் தம்மைப் பேரரசர் என அறிவித்துக்கொண்டு பிரித்தானியாவில் இருந்த படைகளோடு கடல் கடந்து போனார். அவை திரும்பவில்லை. அத்தீவில் உரோமை ஆட்சி ஓரிரு ஆண்டுகளில் மறைந்தது. கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த இளைஞரான புனித பாட்ரிக் கடற்கொள்ளையரால் அயர்லாந்துக்கு அடிமையாகக் கொண்டுசெல்லப்பட்டதும் இந்தக் குழப்பம் நிறைந்த நூற்றாண்டில்தான் என்பர்.

புதையலுக்குரியவர்களும் கிறிஸ்தவர்களே என்று கருத இடமுண்டு. கிறிஸ்து என்னும் பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய குறி சில பொருள்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ‘விவாஸ் இன் தேயோ’, அதாவது ‘நீ கடவுளில் வாழ்வாயாக’ என்ற வாழ்த்தும் இருக்கிறது. கரண்டிகள் பலவற்றில் அவுரேலியுஸ் உர்சிசினுஸ் என்ற பெயர் வருகிறது. பொன் வளையல் ஒன்றிலோ, சீமாட்டி யூலியானா இதை மகிழ்வோடு அணிக என்ற வாசகம் எழுத்தெழுத்தாகத் துளைத்துச் செய்யப்பட்டுள்ளது. இவர்கள் கணவன் மனைவியா, தாத்தா பேத்தியா, வேறு வீட்டாரா, எவருக்கும் தெரியாது. அரசர்களின் பெயர்களால் நிறைந்த வரலாற்றில் ஒரு பெண்ணின் பெயர், அவள் கைக்கென்றே செய்யப்பட்ட அணியில், பதினாறு நூற்றாண்டு கழித்துத் துலங்கி வந்ததை எண்ணி நாம் வியக்காமல் இருக்க இயலவில்லை.

தமிழ் வாசகர் சற்று நின்று பார்க்க வேண்டிய பொருளும் ஒன்றுண்டு: மிளகுச் சிமிழ்கள். நான்கு இருக்கின்றன. ஒன்று உயர்குடிப் பெண்ணொருத்தியின் மார்பளவு உருவமாக அமைந்தது. அடியிலுள்ள வட்டத் தகட்டைத் திருகினால் ஒரு நிலையில் மிளகுப் பொடியை உள்ளே இடலாம், மற்றொரு நிலையில் தூவலாம், இன்னொன்றில் மூடிவிடும். மிளகு சேர நாட்டு மலைச்சரிவுகளில் விளைந்தது. யவனர் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்து முசிறித் துறையில் மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு அறியும். அம்மலையில் காய்ந்த கொடிக்காய் செங்கடலும் எகிப்தும் நடுநிலக்கடலும் கடந்து, குளிர்மிகுந்த சஃபோக்கின் உணவு மேசைவரை போயிருக்கிறது. அதன் அருமைக்கு வேறு சான்றும் உண்டு. இப்புதையலின் கடைசிக் காசுகள் அச்சான அதே 408-இல் அலாரிக் உரோமை நகரை முற்றுகையிட்டு, விட்டுவிலகக் கேட்ட விலையில் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இராத்தல் மிளகும் சேர்ந்திருந்தது.

அதே ஆண்டுகளில், உரோமையின் பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்த புனித இளைய மெலானியா தம் கணவர் பினியானோடு சேர்ந்து தம் சொத்துகளை விற்று ஏழைகளுக்கும் துறவு இல்லங்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வரலாற்றை எழுதியவர், அவருக்கு நிலங்கள் இருந்த நாடுகளுள் பிரித்தானியாவையும் சேர்க்கிறார். ஒரே காலம், ஒரே நம்பிக்கை. ஒருவர் விற்றார், மற்றவர் புதைத்தார். யூலியானாவின் வீட்டாரைக் குறைகூறுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சாலையில் இறங்கும் குடும்பத்தலைவிக்குப் பெட்டியைப் புதைப்பதைவிட வேறு வழி இருந்திராது. உள்நாட்டுப் போரில் வீட்டைவிட்டு ஓடியவர்களின் கிணற்றடிகளையும் மாமரத்தடிகளையும் அறிந்த ஈழத்து வாசகர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

இனி அச்சிறுவர்களின் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி, பொன்னும் வெள்ளியும் மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு புதைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது முடியரசுக்குரிய புதையல். தவறவிட்டதோ, வேண்டாமென விட்டதோ, இறந்தவரோடு அடக்கம் செய்ததோ அதில் சேராது. ஆகவே 1993 செப்டம்பரில் கூடிய விசாரணை மன்றம் விந்தையானதொரு வினாவை ஆராய வேண்டியிருந்தது: பதினாறு நூற்றாண்டுக்கு முன் இப்பெட்டியை மூடியவர்கள் திரும்பி வருவோம் என்று நம்பினார்களா? ஆம் என்றே மன்றம் முடிவு செய்தது. சட்டம் ஒன்று, மறைந்துபோன மாந்தரின் நம்பிக்கையைத் தன் அளவுகோலாகக் கொண்டதை வேறெங்கும் நாம் கண்டதில்லை. கண்டவருக்குரிய வெகுமதியாக 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு மதிப்பிடப்பட்டது. அது லாஸுக்கு மட்டுமே உரியது. சுத்தியலைத் தொலைத்த உழவருக்குச் சட்டம் ஒரு காசும் தரவில்லை. லாஸ் தம் நண்பரோடு அதைப் பகிர்ந்துகொண்டார். உவமையின் மனிதர் நிலத்தை வாங்கினார். இவர் நிலத்தவரைச் சேர்த்துக்கொண்டார்.

தனி மனிதர் செய்ததைச் சட்டம் பின்னர் பின்பற்றியது. 1996-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த புதையல் சட்டம், வெகுமதியில் நிலத்தவருக்கும் பங்களிக்க வழிசெய்தது. புதைத்தவரின் எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டிய தேவையையும் நீக்கியது. கருவியேந்துவோர் தாம் காணும் சிறு பொருள்களையும் பதிந்துவைக்க ஓர் ஏற்பாடு 1997-இல் தொடங்கப்பட்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. நம் நாட்டிலோ 1878-ஆம் ஆண்டுச் சட்டமே, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. விதி நல்லதே. ஆனால் ஏர்முனையில் தட்டுப்பட்ட எத்தனை குடங்கள் ஆட்சியரைச் சென்றடைந்தன, எத்தனை பொற்கொல்லரின் உலையைச் சென்றடைந்தன என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள்.

ஹாக்ஸன் வயலுக்கும் இரவில் கருவியோடு வந்தவர்கள் இருந்தார்கள், செய்தி பரவிய பின்னர். அவர்கள் தோண்டியது போக எஞ்சியதையாவது காப்பதற்காக 1993-இலும் 1994-இலும் அகழாய்வாளர்கள் அந்நிலத்தை மீண்டும் ஆராய்ந்தனர். கலப்பை சிதறடித்த காசுகள் சில கிடைத்தன. கட்டடம் எதுவும் இருந்த தடயம் இல்லை. மண்ணில் ஒரு குழியின் தடம் மட்டும் தெரிந்தது. ஒரு கம்பம் நட்ட குழி. அதன் காலத்தை உறுதிசெய்ய முடியவில்லை. பெட்டியைப் புதைத்தவர்கள், திரும்பி வரும்போது இடம் தெரிய வேண்டுமென்று நட்டுவைத்த அடையாளக் கம்பமாக அது இருந்திருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கருதுகின்றனர்.