காதற் புனைகதையும் மனக்காயமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய ஆய்வாளர் நெடுங்காலமாகப் பொருட்படுத்தாது விட்ட துறைகளுள் வெகுசனக் காதற் புனைகதையும் ஒன்றாகும். அது வணிகப் பண்டம் எனக் கூறி ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையேயும் இருந்து வந்துள்ளது. பண்டம் என்பது உண்மையே. ஆயினும், ஒரு பண்டம் விலைப்படுவதற்கு அதனை வாங்குவோரிடத்தே ஒரு தேவை இருத்தல் வேண்டும். அத்தேவை யாது, அது எத்தகைய சமூக நிலைமைகளிலிருந்து எழுகின்றது என்பன விமர்சகன் தட்டிக் கழிக்க முடியாத வினாக்களாகும். ஆங்கிலக் காதற் புனைகதையிலே மனக்காயம் ஆறுதல் என்னும் கூறு வளர்ந்த வரலாற்றை இவ்வினாக்களின் அடிப்படையில் இங்கு நோக்குவோம்.

இக்கூற்றின் மூலமாதிரியாக 1847 இல் வெளிவந்த சார்லட் புரொன்ரேயின் ‘ஜேன் அயர்’ நாவலைக் கொள்ளலாம். தீயிலே பார்வையையும் ஒரு கையையும் இழந்த றொச்சஸ்ரரிடம் ஜேன் திரும்பி வருகிறாள். ஈற்றில் அவனது ஒரு கண் ஓரளவு பார்வை பெறுகின்றது. இம்முடிவு நம்பத்தக்கதாக அமைவதற்கு ஒரு பொருளியற் காரணமும் உண்டு. ஜேன் வெறுங்கையுடன் திரும்பவில்லை. இருபதாயிரம் பவுண் மரபுரிமையாகப் பெற்று, அதனை உறவினர் மூவரோடு பகிர்ந்து, தன் பங்கான ஐயாயிரம் பவுணுடன் சுதந்திரமான பெண்ணாக அவள் வருகிறாள். ஆனால், இக்குணமடைதலுக்கு விலை கொடுத்தவள் யார்? மேன்மாடத்தில் அடைக்கப்பட்டிருந்த ஜமேக்காப் பெண்ணான பேர்த்தாவின் மரணமே அதற்கு வழி திறக்கின்றது. டொமினிக்காவிற் பிறந்த ஜீன் றீஸ் 1966 இல் வெளியிட்ட ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் அப்பெண்ணின் கதையைச் சொன்னபோது, யாருடைய காயம் கதைக்குரியதாகக் கருதப்படுகின்றது என்ற வினா கூர்மை பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விலக்கிய வகை தொழிற்றுறையாக மாறியது. 1908 இல் லண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அன்ட் பூன் பதிப்பகம், 1930 களில் வாடகை நூல்நிலையங்களின் பெண் வாசகரை நம்பிக் காதற் கதைகளிலே கவனத்தைக் குவித்தது. 1949 இல் கனடாவின் வினிப்பெக் நகரில் தோன்றிய ஹார்லெக்குவின் நிறுவனம், 1957 முதல் அப்பதிப்பகத்தின் கதைகளை மறுபதிப்புச் செய்து, 1971 இல் அதனையே வாங்கிக் கொண்டது. தொடக்க கால மறுபதிப்புகளில் மருத்துவமனைக் கதைகள் சிறப்பிடம் பெற்றமை தற்செயலன்று. குணப்படுத்துதல் பெண்ணின் பணி என்ற எண்ணத்திற்குத் தாதியின் சீருடை இயல்பான உருவம் கொடுத்தது.

இக்கதைகளை வாசித்த பெண்களையே அணுகி வினவியமை ஜனிஸ் றட்வேயின் ஆய்வுச் சிறப்பாகும். 1984 இல் வெளிவந்த அவரது ‘றீடிங் த றொமான்ஸ்’ என்னும் நூல், அமெரிக்கச் சிறுநகரொன்றின் வாசகியரை ஆராய்ந்தது. குடும்பத்தவர் அனைவரையும் பராமரிக்கும் அப்பெண்களைப் பராமரிப்பார் எவருமிலர். தமக்கெனச் சிறிது நேரத்தை மீட்டுக் கொள்வதற்கும், தாம் பராமரிக்கப்படும் உணர்வைக் கற்பனையிலேனும் பெறுவதற்கும் அவர்கள் வாசித்தனர். எனவே, அவர்களது வாசிப்பை மயக்கமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அதே வேளை, அக்கதைகளின் அமைப்பிலிருந்த குறையையும் றட்வே சுட்டினார். கதாநாயகனின் கொடுமை, பின்னர் அவனது பழைய காயத்தின் விளைவாக விளக்கப்படுகின்றது. கதாநாயகி அவ்விளக்கத்தை ஏற்க, கொடுமை அன்பாக மாற்றிப் பொருள் கொள்ளப்படுகின்றது. இங்கே காயம் பாத்திரத்தை ஆழப்படுத்தவில்லை. அது கொடுமைக்கு மன்னிப்புச் சீட்டாகவே பயன்படுகின்றது. பாத்திரங்கள் நம்பகத்தன்மை இழப்பது இவ்விடத்திலேயே.

இந்நிலை மாறுவதற்கு இலக்கியத்திற்குப் புறம்பான காரணங்களும் இருந்தன. வியட்னாமிலிருந்து திரும்பிய போர்வீரரின் இயக்கமும், பாலியல் வன்முறை பற்றிப் பெண்ணியவாதிகள் நடத்திய போராட்டமும் மனக்காயத்தைத் தனிமனித பலவீனமாகக் கருதும் நோக்கைத் தகர்த்தன. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது கைந்நூலில் அதிர்ச்சிக்குப் பிந்திய உளநெருக்கீட்டு நோயைச் சேர்த்துக் கொண்டது. அதே ஆண்டில் எல்சி வாஷிங்ரன், றொசலின்ட் வெல்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய ‘என்ற்வைன்ட் டெஸ்ரினீஸ்’ வெளிவந்தது. கறுப்பினக் காதலரைப் பற்றிக் கறுப்பினத்தவர் ஒருவரே எழுதிய முன்னோடி நாவல் அது. அதனைப் பதிப்பித்த விவியன் ஸ்ரீபன்ஸ், அவ்வாண்டிலேயே அமெரிக்கக் காதற் கதை எழுத்தாளர் சங்கத்தின் தோற்றத்திலும் பங்கு கொண்டார். எனினும், அச்சங்கத்தின் றீற்றா விருது 2019 வரை கறுப்பின எழுத்தாளர் எவருக்கும் கிடைக்கவில்லை.

அவ்வாண்டில் அவ்விருதைப் பெற்றோருள் ஒருவரான கெனடி றயனின் ‘லோங் ஷொட்’ (2018) நமது ஆய்வுக்கு மிகவும் பொருத்தமானது. துணைவனின் வன்முறைக்குள்ளான ஐரிஸ், தன்னை நேசிக்கும் மற்றொருவனின் கரங்களில் உடனே அடைக்கலம் புகவில்லை. லூசியானாவில் வாழும் முதிய உறவுப் பெண்ணிடம் சென்று, காலத்தின் துணையோடு தன்னைத் தானே மீட்டுக் கொள்கிறாள். காதல் அதன் பின்னரே வருகின்றது. பழைய கதைகளில் காதல் மருந்தாக இருந்தது. இங்கோ, மருந்து உறவும் பாதுகாப்பும் காலமுமாகும். வாசகி நம்புவதற்கு இம்மாற்றமே அடிப்படை.

இம்மாற்றத்தை மிகைப்படுத்துதலும் கூடாது. ஹார்லெக்குவின் 2014 இல் நியூஸ் கோப் என்னும் பெருநிறுவனத்தின் உடைமையாயிற்று; மனக்காயமும் இன்று விற்பனைக்குரிய ஓர் அடையாளமாகிவிட்டது. காயத்தை விளைவித்த வறுமை, இனவாதம், குடும்ப வன்முறை ஆகியன மாறாதிருக்க, இருவரது இணைவில் யாவும் தீர்ந்துவிடுவதாகக் காட்டும் கதைகள் இன்றும் பலவாகும். ஆயினும், காயத்திற்குச் சமூகக் காரணம் உண்டு என்பதையும், காயப்பட்டவனும் தன் செயலுக்குப் பொறுப்பாளியே என்பதையும் ஏற்றுக்கொண்ட கதைகளே நம்பத்தக்க மனிதரைப் படைத்துள்ளன. இவ்வகை இலக்கியத்தை மதிப்பிடுவதற்கு இதனையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம். அவ்வாறு கொள்ளுமிடத்து, அதனை வாசிக்கும் இலட்சோபலட்சம் பெண்களின் தேவையை இகழாமலே அவ்விலக்கியத்தை விமர்சிக்கவும் நம்மால் இயலும்.