பரமபதப் படமும் பாலர் கல்வியும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் பரமபத சோபானப் படத்தை நடுவே விரித்து, சோகியோ தாயக்கட்டையோ உருட்டி விளையாடுவது தமிழ்நாட்டு வைணவ இல்லங்களின் பழைய வழக்கமாகும். சோபானம் என்பது படிக்கட்டு. அடிக்கட்டத்திலே புறப்படும் காய், ஏணி வந்தால் ஏறியும் பாம்பு வந்தால் இறங்கியும் ஈற்றில் உச்சியிலுள்ள பரமபதத்தைச் சேர்கின்றது. நித்திரையை விரட்டுதற்குக் கண்ட உபாயம் இது என்று சொல்லிவிடலாம். ஆனால், படத்தைச் சுற்றியிருந்தோர் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாதலின், அவ்விரவில் அங்கே ஒரு பள்ளிக்கூடமும் நடந்தது.

இவ்விளையாட்டு வட இந்தியாவில் ஞான சௌபர் எனப்படும். 13ஆம் நூற்றாண்டில் ஞானேசுவரர் இதனை ஆக்கினார் எனப் பலர் எழுதுகின்றனர்; தக்க ஆதாரம் காட்டுவார் எவருமில்லை. இன்று நமக்குக் கிடைத்துள்ள பலகைகள் பெரும்பாலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியன. வைணவர் பலகையில் 72 கட்டங்கள். சமணர் பலகையில் 84. சூபி முஸ்லிம்களின் பலகையில் 100 அல்லது 101. ஆட்டம் ஒன்றே. கட்டங்களுக்கு இட்ட பெயர்களே வேறு.

பெயர்களில்தான் பொருள் முழுவதும் இருந்தது. நூலாக அச்சேறியுள்ள ஒரு 72 கட்டப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் 68ஆம் கட்டம் வைகுண்டம். அதன் இருமருங்கும் 67இல் உருத்திரலோகம், 69இல் பிரமலோகம். 54ஆம் கட்டம் பக்தி. அங்கு நின்ற காய் நேரே வைகுண்டம் ஏறிவிடும். அதற்கு அடுத்த 55ஆம் கட்டம் அகங்காரம். அங்கு நின்ற காயைப் பாம்பு விழுங்கி 3ஆம் கட்டமாகிய குரோதத்திலே தள்ளும். பக்திக்கும் அகங்காரத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு கட்டமே என்பதைப் பிரசங்கத்தில் ஒரு மணி நேரம் சொல்லலாம். இங்கே எட்டு வயதுப் பிள்ளை தன் காய் விழும்போது கண்டுகொள்கிறது.

சூதாட்டக் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். நளனையும் தருமரையும் அறிந்த சமுதாயத்தில், சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த குறளைப் படித்த நாட்டில், இவ்வச்சம் நியாயமானதே. இங்கிலாந்திலும் இதே அச்சம் இருந்தது. அதனாலன்றோ அங்கு பிள்ளைகளின் விளையாட்டுக்களுக்குப் பகடையை விலக்கி, எண் பொறித்த சிறு பம்பரத்தைச் சுழற்றினர்!

அந்நாட்டு முயற்சியும் நாம் அறியத்தக்கது. பல முகங்களுள்ள உருண்டையில் எழுத்துக்களை ஒட்டி உருட்டச் செய்து அரிச்சுவடி கற்பிக்கலாமென ஜோன் லொக் 1693இல் எழுதினார். இது பெரியோர் ஆடும் ஆட்டமென்றே பிள்ளை எண்ணவேண்டும், பாடமென்று அதற்குத் தோன்றக்கூடாது என்றும் எச்சரித்தார். 1759இல் ஜோன் ஜெஃபரிஸ் ஐரோப்பாப் படத்தின்மேல் காய் நகர்த்திப் பூமிசாஸ்திரம் கற்கும் ஆட்டத்தை வெளியிட்டார். 1790இல் மனித வாழ்க்கையை 84 கட்டங்களாக வகுத்த ஆட்டமொன்று இலண்டனில் வந்தது. காய் நிற்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சற்றே தரித்துப் பிள்ளைக்கு விளக்கஞ் சொல்லுக என அதன் விதிமுறை பெற்றோரை வேண்டிற்று. நம் பாட்டிமார் கேளாமலே செய்த காரியம் இது!

நமது படமும் அங்கு போய்ச் சேர்ந்தது. இராணுவ அதிகாரி ஒருவர் 1831இல் ஞான சௌபர்ப் பலகையொன்றை இலண்டன் றோயல் ஆசியச் சங்கத்துக்கு அளித்தார். 1892இல் அயர்ஸ் என்னும் விளையாட்டுப் பொருள் வியாபாரி 'பாம்பும் ஏணியும்' என்ற ஆட்டத்தைப் பதிவு செய்தார். அக்காலத்து ஆங்கிலப் பலகைகளில் சிக்கனம், உழைப்பு, சோம்பல், கீழ்ப்படியாமை என்ற பெயர்களாவது இருந்தன. மோட்சத்துக்கு ஏறியது போய்ச் செல்வத்துக்கு ஏறலாயிற்று. அமெரிக்க மில்ட்டன் பிறாட்லி கம்பெனி 1943இல் பாம்பையே நீக்கிச் சறுக்குப் பலகையை வைத்தது. பிள்ளைகள் பாம்புக்கு அஞ்சுவர் என்று கருதினர் போலும். நம் ஊர்க் கடைகளில் இன்று வாங்கும் மட்டைகளிற் பெரும்பாலானவற்றில் 1 முதல் 100 வரை இலக்கங்கள் மாத்திரமே உள்ளன. பெயர் போயிற்று, பெயர் போகவே விளக்கஞ் சொல்வாரும் எழுந்து போயினர், பிள்ளைகள் தனியே ஆடுகின்றனர்.

ஆயினும் அந்த வெறும் இலக்கங்களையும் இகழ்தற்கில்லை. அமெரிக்காவில் கீதா ரமணி, றொபேட் சீக்லர் என்ற ஆய்வாளர் இருவர் வறிய குடும்பங்களின் பாலர் 124 பேரை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டனர். 1 முதல் 10 வரை இலக்கமிட்ட பலகையில் இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரமளவு ஆடிய பிள்ளைகள் எண்ணறிவில் முன்னேறினர். ஒன்பது வாரங்களின் பின்னரும் அது நிலைத்தது. நிறம் மட்டும் தீட்டிய பலகையில் ஆடியோர் அவ்வாறு முன்னேறவில்லை. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் நுட்பமானது. நூறு கட்டப் பலகையில் 24இல் நிற்கும் காயை மூன்று நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிய பிள்ளைகளைவிட, "இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு" எனக் கட்டத்து இலக்கத்தையே சொல்லி நகர்த்திய பிள்ளைகள் மிகுதியாகக் கற்றனர். பலகை ஒன்றே, வாய் சொன்னதே வேறு. பாட்டி "பக்தி, அகங்காரம்" என்று வாய்விட்டுச் சொன்ன இரகசியமும் இதுவே.

ஒரு சங்கடம் உண்டு. "நான் ஒரு பிழையும் செய்யவில்லையே, என்னை ஏன் பாம்பு விழுங்கிற்று?" என்று விழுந்த பிள்ளை கேட்கும். பண்டைய பலகையை வரைந்தோர் முன்வினை என்பர். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்விடை போதாது; அது அழுதாலும் அழும். உழைப்பு என்ற ஏணியை உருட்டி விழும் எண்ணால் தந்த ஆங்கிலேயருக்கு விடை இன்னும் கடினம். வீட்டுப் பெரியவர் ஒரு கதையேனும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். பதில் தெரியாவிடின் தெரியாது என்பதும் குற்றமன்று.

சங்கத்து வாலிபர்கள் வருகின்ற சிவராத்திரிக்கு முன் ஒரு தடித்த மட்டையில் 72 கட்டங் கீறி, இலக்கத்தையும் பெயரையும் ஒவ்வொன்றிலும் எழுதி வீட்டுக்கொன்றாகக் கொடுக்கலாம். அன்பு, பொறாமை, பொய், தானம் எனப் பிள்ளைக்கு விளங்கும் பெயர்களே போதும். பாம்புகளை ஏணிகளிலும் சற்று அதிகமாகவே போடுங்கள். பழைய பலகைகளில் அப்படித்தான் இருந்தன. எழுத்தைப் பெரிதாக எழுதுக. மூக்குக் கண்ணாடி அணிந்த பாட்டியும் அதனை வாசிக்க வேண்டும்.