கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக்

கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக்: இன்றைய தேனி மாவட்டப் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காணப்பட்ட, எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய். மதுரையிலிருந்து வரும் சாலை ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து இப்பள்ளத்தாக்கை அடைகிறது. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நெல் நாடு இது. வீட்டில் தானியம் சேர்ந்த இடத்தில் எலியும் குடியிருந்தது. இங்கு நோய் பரவிய விதம் பற்றி பி.வி. ஜார்ஜும் டபிள்யூ.ஜே. வெப்ஸ்டரும் நடத்திய விசாரணை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது.

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்தார். 1898இல் சிமோன், அதை எலியிடமிருந்து கடத்துவது தெள்ளுப்பூச்சி என்றார்; பலர் நம்பவில்லை. எலி செத்ததும் அதன் உடல் குளிர்கிறது, தெள்ளு வேறு இரத்தம் தேடி மனிதரைக் கடிக்கிறது. பின்னர் காய்ச்சல் வருகிறது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுகிறது. வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலிசெய்து வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்குவது அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலும் இருந்த வழக்கம். மருந்தில்லாத நாளில் அது அறிவார்ந்த தற்காப்பே.

தடுப்பில் வரிசை முக்கியம். நோய் பரவும் வேளையில் எலியை மட்டும் கொன்றால் தெள்ளுகள் மனிதர்மேல் தாவும். ஆகவே முதலில் தெள்ளு, பிறகு எலி. வளைக்குள் நச்சுப்புகை செலுத்தினால் இரண்டும் சேர்ந்தே மடியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி.யும் ஸ்ட்ரெப்டோமைசினும் நிலைமையை மாற்றின. இந்தியாவில் 1966க்குப் பிறகு மனிதரிடம் பதிவாகாத பிளேக், 1994இல் மகாராஷ்டிரத்திலும் சூரத்திலும் மீண்டும் பேசப்பட்டது.

இன்று தமிழக நெல்வயல்களில் கவலைப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். பிளேக்கில் எலி சாவதே எச்சரிக்கை. எலிக்காய்ச்சலிலோ எலி நலமாகவே திரியும், அதன் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து கிருமி காலின் வெடிப்பு வழியே நுழையும். வயலில் இறங்குவோர் புண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முழங்கால் வரையிலான ரப்பர் காலணி நல்லது. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் சேர்ந்து வந்தால், வயலில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆண்டிபட்டி வட்டத்தினருக்கு க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. தொடக்கத்திலேயே வந்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய மருந்துகளே பெரும்பாலும் போதும்; தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும்.